நாட்டுப்புறச் சிவப்பு ஒயின் கலவை: சுவைத்துப் பார்ப்பதும் முதிர வைப்பதும்

தெற்குப் பிரான்சின் லாங்கெதொக் பகுதியில் செய்த சிவப்பு ஒயின் பன்னிரண்டு பாட்டில் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திராட்சை வகைகளில் பாதி கரின்யான், மீதியில் பெரும்பங்கு கிரெனாஷ், அதனுடன் சிராவும் சிறிது முர்வெத்ரும் சேர்ந்த கலவை. மரப்பீப்பாயில் வைக்காமல் சிமென்ட் தொட்டியில் வைத்து, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்தது. அறுவடை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றைத் திறந்தபோது முதலில் கெட்ட முட்டை வாடை எழுந்தது, அது போனபின் தொழுவத்தின் வாடை லேசாக வந்தது, வாயில் வைத்தால் ஈறும் கன்னமும் வறண்டுபோகும்படி துவர்த்தது. இது கெட்டுவிட்டதா, இல்லை இன்னும் பக்குவப்படவில்லையா, வைத்திருந்தால் தேறுமா, தேறும் என்றால் எத்தனை ஆண்டு என்பவை உங்கள் கேள்விகள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் அது கெட்ட ஒயின் அல்ல. குளிர்ச்சியான இடத்தில் வைக்க முடியுமானால் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளில் பெரும்பாலும் மென்மையாகும். ஆனால் 'இப்போது இவ்வளவு கரடாக இருக்கிறது, ஆகவே நீண்ட நாள் நிற்கும்' என்று எண்ணிவிடக் கூடாது. துவர்ப்பு மிகுதியாக இருப்பது ஒயினின் ஆயுளுக்கு உத்தரவாதம் ஆகாது. துவர்ப்புக்கு அடியில் பழச்சுவையும் புளிப்பும் போதுமான அளவு இருக்கின்றனவா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதை நீங்களே சுவைத்துக் கண்டுபிடிக்க முடியும். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

இந்தக் கலவையில் ஒவ்வொரு திராட்சையும் எதைக் கொண்டுவருகிறது என்று தெரிந்தால் வாயில் உணர்வதைப் பிரித்தறிவது எளிது. கரின்யான் தாமதமாகப் பழுப்பது. புளிப்பும் துவர்ப்பும் நிறமும் இயல்பிலேயே மிகுந்தது. கொடியில் அதிகக் காய்ப்பு விட்டால் பழச்சுவை நீர்த்துப்போய்ப் புளிப்பும் கசப்பும் மட்டும் எஞ்சும். விளைச்சல் குறைந்த முதிய கொடிகளிலிருந்து வந்தால் அதே திராட்சை ஆழமான, உறுதியான ஒயினைத் தரும். கிரெனாஷ் இதற்கு நேர்மாறு. சர்க்கரை நன்றாக ஏறுவதால் ஆல்கஹாலும் இனிப்பு போன்ற ஒரு கனிவும் அதிலிருந்து கிடைக்கின்றன, ஆனால் நிறம் மெல்லியது, காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சிராவும் முர்வெத்ரும் கருமையான நிறத்தையும் இறுக்கத்தையும் தருபவை. காற்றில்லாத சூழலில் கந்தக வாடை பிடித்துக்கொள்ளும் இயல்பும் இந்த இரண்டுக்கும் உண்டு. நீங்கள் முதலில் உணர்ந்த முட்டை வாடைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். மரப்பீப்பாய் அளவுக்குக் காற்றை உள்ளே விடாத சிமென்ட் தொட்டியில் இருந்த ஒயினுக்கு இது அடிக்கடி நேர்வதுதான்.

சிரா சேர்ந்த கலவைகளில் சிலருக்கு மிளகு மணம் தெளிவாகக் கிடைக்கும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மம் ஒயினில் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அந்த மணமே எட்டுவதில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே உங்களுடன் சுவைப்பவர் மிளகு இல்லை என்று அடித்துச் சொன்னால் அவர் கவனக்குறைவாக இருக்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இனி, சுவைக்கும் முறை. இத்தகைய ஒயினுக்கு 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரை பொருத்தமான வெப்பநிலை. 20 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹாலின் காரம் முன்னால் வந்து மற்றவற்றை மறைத்துவிடும். 12 டிகிரிக்குக் கீழே போனால் துவர்ப்பு இன்னும் முரடாகத் தெரியும், மணம் எழாது. வாய் குறுகி வயிறு அகன்ற சாதாரண ஒயின் கிளாஸ் போதும். தர நிர்ணயத்துக்கென வகுத்த ஐஎஸ்ஓ சுவைக் கிளாஸின் கொள்ளளவே ஏறத்தாழ 215 மில்லிலிட்டர்தான். அதில் 50 மில்லிலிட்டர் ஊற்றிச் சுவைப்பது வழக்கம். மீதி இடம் மணம் திரள்வதற்கு.

ஊற்றியவுடன் சுழற்றாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பெரும்பாலோர் தவறவிடுவது இந்த முதல் முகர்வைத்தான். சுழற்றியதும் ஓடிவிடும் வாடைகள் அப்போது மட்டுமே பிடிபடும். பிறகு நன்றாகச் சுழற்றி, சற்று விட்டு, மறுபடி முகருங்கள். நாட்டுப்புற ஒயின்களில் நான்கு வகை வாடைகளைத் தனித்தனியே அடையாளம் காண வேண்டும், ஏனெனில் அவற்றில் ஒன்றுதான் தானாகப் போகும்.

கெட்ட முட்டை, கொளுத்திய தீக்குச்சி போன்ற வாடை ஹைட்ரஜன் சல்பைடும் அதன் உறவுச் சேர்மங்களும் தருவது. காற்றுப் பட்டால் அரைமணியிலோ ஒரு மணியிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் ஒரு கிளாஸில் சுத்தமான செப்புத் துண்டைப் போட்டுக் கலக்கி முகர்ந்து பாருங்கள். வாடை மறைந்தால் அது கந்தகச் சேர்மம்தான் என்று உறுதியாகும். அது சோதனைக்கு மட்டும், அந்தக் கிளாஸைக் குடிக்க வேண்டாம்.

தொழுவம், குதிரைச் சேணம், காயத்துக்கு ஒட்டும் மருந்துப் பட்டை போன்ற வாடை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1904இல் ஆங்கிலேய பீரிலிருந்து பிரித்தறியப்பட்ட அதே ஈஸ்ட் திராட்சைத் தோலில் உள்ள சில அமிலங்களை எத்தில்பீனால்களாக மாற்றுகிறது. அளவு குறைவாக இருக்கும்போது பதனிட்ட தோலின் மணம்போல ஒயினுக்கு ஓர் ஆழம் தருவதாகப் பலர் விரும்புகிறார்கள். நானும் மிகக் குறைந்த அளவில் அதைக் குறையாகக் கருதுவதில்லை. ஆனால் அது பழ மணத்தை மூடிவிடும் அளவுக்கு வந்துவிட்டால், சொந்த மண்ணின் குணம் என்று அதைப் போற்றுவது சரியல்ல. இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு: இந்த வாடை காற்றால் போகாது, ஆண்டுகளாலும் குறையாது. வடிகட்டாத ஒயினில் ஈஸ்ட் உயிரோடு இருந்து, பாட்டில் வெப்பமான இடத்திலும் இருந்தால் கூடவே செய்யும். சர்க்கரை முழுவதும் தீர்ந்ததாகச் சொல்லப்படும் ஒயினிலும் எஞ்சியிருக்கும் சொற்ப அளவே அதற்குப் போதும்.

நகப்பூச்சு அழிப்பானின் காட்டம் மூக்கில் ஏறினால் அது எத்தில் அசிடேட். நாக்கின் ஓரத்தில் வினிகர்க் கூர்மை தெரிந்தால் அசிட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சிவப்பு ஒயினுக்கு அசிட்டிக் அமிலமாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 1.2 கிராம் வரை ஆவியாகும் அமிலத்தை அனுமதிக்கிறது. அதற்கு வெகுவாகக் கீழேயே கூர்ந்து முகர்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நான்காவது, ஈரமான அட்டைப்பெட்டி வாடை. தக்கையிலிருந்து வரும் ட்ரைகுளோரோஅனிசோல் என்ற சேர்மத்தின் அடையாளம் அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயினின் மணம் முழுவதும் மங்கிவிடும். அது அந்தப் பாட்டிலின் கேடு மட்டுமே. அதை வைத்து மற்ற பதினொன்றைத் தீர்ப்பிடக் கூடாது. நீங்கள் எழுதியதில் இந்த இரண்டுக்கும் அறிகுறி இல்லை என்பது நல்ல செய்தி.

வாயில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. துவர்ப்பு என்பது திராட்சைத் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து வரும் டானின்கள் என்ற சேர்மங்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால், வாயின் வழுவழுப்பு போய் உராய்வு ஏற்படுவது. அடுத்தடுத்து மடக்குகள் குடிக்கக் குடிக்க அந்த உராய்வு கூடிக்கொண்டே போகும். முதல் மடக்கைவிட நான்காவது மடக்கு கரடாகத் தெரிவதற்கு ஒயின் மாறியது காரணமல்ல, உங்கள் வாய் மாறியதே காரணம். ஆகவே ஒவ்வொரு மடக்குக்கும் இடையில் தண்ணீர் குடித்து ஓரிரு நிமிடம் விடுங்கள். வெறும் வயிற்றில் தனியாகச் சுவைத்த ஒயினை உணவுடன் மறுபடி சுவைத்தும் பாருங்கள். டானினைப் பிடிக்கப் புரதம் கிடைத்துவிட்டால் எச்சில் தப்பிக்கிறது. இந்த வகை ஒயின்கள் மேசையில் உணவோடு குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை.

துவர்ப்பின் அளவைவிட அதன் தன்மையைக் கவனியுங்கள். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பொடிப்பொடியாகப் பரவி, விழுங்கிய அரை நிமிடத்துக்குள் எச்சில் ஊறி அடங்கிவிடுகிற துவர்ப்பு பழுத்த தோலிலிருந்து வந்தது. நாக்கின் நடுவில் கசப்போடு ஒட்டிக்கொண்டு, அதிகம் கொதித்த தேநீரைப் போல நெடுநேரம் விலகாமல் நின்றால் அது பழுக்காத விதையிலிருந்தோ காம்பிலிருந்தோ வந்தது. முன்னது காலத்தோடு மென்மையாகும். பின்னது ஓரளவே குறையும். அடுத்து, துவர்ப்பு தொடங்குவதற்கு முந்திய நொடிகளில், நாக்கின் நடுப்பகுதியில் பழச்சுவை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பள்ளம் இருந்தால் எத்தனை ஆண்டு வைத்தாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. என் அனுபவத்தில், வைத்திருந்து ஏமாந்த நாட்டுப்புற ஒயின்களில் பெரும்பாலானவற்றில் குறை இந்த இடத்தில்தான் இருக்கும்.

இதற்கான காரணம் முதிர்தல் என்பது உண்மையில் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை என்பதில் இருக்கிறது. இளம் ஒயினின் ஊதா கலந்த சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமிகள் தனித்து நிற்கும் நிலையில் சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் மறைந்து, டானின்களோடு பிணைந்த நிலைத்த நிறமிகளாகின்றன. டானின்களும் ஒன்றோடொன்று பிணைகின்றன, உடைகின்றன, புதிதாக அமைகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. டானின்கள் பெரிதாகிப் பெரிதாகிப் படிந்துவிடுவதால்தான் ஒயின் மென்மையாகிறது என்ற பழைய விளக்கம் பாதி உண்மைதான், ஆனால் விளைவில் சந்தேகமில்லை: துவர்ப்பு தணிகிறது, நிறம் செங்கல் பக்கம் சாய்கிறது. அதே காலத்தில் புதுப்பழ மணம் தேய்ந்து, உலர்ந்த பழம், தோல், புகையிலை, காட்டு மண் போன்ற மணங்கள் தலைதூக்குகின்றன. புளிப்போ ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆல்கஹாலும் அப்படியே. வினிகர்க் கூர்மையும் தொழுவ வாடையும் போகாது. ஆகவே இன்றைக்கு உங்கள் ஒயினில் உங்களுக்குப் பிடிக்காதது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பழுத்த துவர்ப்பு என்றால் வைத்திருப்பதில் பொருள் உண்டு. அது புளிப்போ, ஆல்கஹாலின் எரிச்சலோ, கசப்போ, தொழுவ வாடையோ என்றால் காத்திருப்பதால் நீங்கள் இழக்கப்போவது பழச்சுவையை மட்டுமே.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடுத்த பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தக்கையால் மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்து மறுநாள் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து சுவையுங்கள். மறுநாள் பழச்சுவை முன்னைவிடத் திறந்து, துவர்ப்பு ஒழுங்குபட்டிருந்தால் அந்த ஒயினுக்குத் தாக்குப்பிடிக்கும் பலம் இருக்கிறது. பழம் ஓடிப்போய், நறுக்கிவைத்துப் பழுப்பேறிய ஆப்பிளின் மணம் வந்து, துவர்ப்பு மட்டும் எஞ்சியிருந்தால் இப்போதே குடிக்க வேண்டிய ஒயின் அது. ஒரு நாள் காற்றுப் பட்டதை இத்தனை ஆண்டு முதிர்ச்சிக்குச் சமம் என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். அரைப் பாட்டிலில் காற்று வேகமாகச் செய்வதும், தக்கையிட்ட பாட்டிலில் மிகச் சிறிதளவு ஆக்ஸிஜன் ஆண்டுக்கணக்கில் செய்வதும் ஒரே வேதிவினைகள் அல்ல. இந்தச் சோதனை பலத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது.

தயாரிப்பாளர் தந்த பகுப்பாய்வுத் தாள் கிடைத்தால் அதில் பிஎச் அளவைப் பாருங்கள். அந்த எண் கூடினால் புளிப்பு குறைவு என்று பொருள். ஒயினைக் காக்கும் சல்பர் டை ஆக்சைடு, பிஎச் 3.4இல் இருக்கும்போது மற்ற சேர்மங்களோடு பிணையாத அதன் கட்டற்ற பங்கில் ஏறத்தாழ 2.5 சதவீதம் செயல்திறன் மிக்க வடிவில் இருக்கும், பிஎச் 3.8 ஆனால் அது சுமார் 1 சதவீதமாகிவிடும். அதாவது புளிப்புக் குறைந்த ஒயினுக்கு அதே அளவு கந்தகம் பாதிக்கும் குறைவான காவலையே தருகிறது. வெப்பமான ஆண்டில் நன்றாகப் பழுத்த கிரெனாஷ் மிகுந்த கலவைகள் சீக்கிரம் தளர்வதற்கும், அவற்றில் பிரெட்டனோமைசிஸ் எளிதில் தலையெடுப்பதற்கும் இது ஒரு காரணம். உங்கள் கலவையில் பாதி கரின்யான் என்பது இந்த வகையில் அனுகூலம்.

கரின்யானில் இன்னொரு பாகுபாடும் உண்டு. லாங்கெதொக்கில் அதன் முரட்டுத்தனத்தைக் குறைக்க, முழுக் குலைகளைக் கரியமில வாயு நிரம்பிய தொட்டியில் இட்டு, பழத்துக்குள்ளேயே நொதிக்கச் செய்யும் முறையைப் பரவலாகக் கையாள்கிறார்கள். அப்படிச் செய்த ஒயின் இளமையில் மிட்டாய் போன்ற சிவப்புப் பழ மணத்தோடு கவர்ச்சியாக இருக்கும், வைத்திருப்பதற்கு உரியதல்ல. உங்களுடையது துவர்க்கும் விதத்தைப் பார்த்தால் அந்த முறையில் முழுவதுமாகச் செய்ததாகத் தோன்றவில்லை.

மூன்று நான்கு ஆண்டு என்று நான் சொன்னதற்கு மேல் எந்த நாட்டுப்புறக் கலவையும் நிற்காது என்பதில்லை. பிரான்சின் பாந்தோலில் சிவப்பு ஒயினில் குறைந்தது பாதி முர்வெத்ர் இருக்க வேண்டும், 18 மாதம் மரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி; அவற்றில் நல்லவை பத்து ஆண்டைக் கடந்த பிறகே முழுமையாகத் திறக்கும். கலிபோர்னியாவில் ஒரே தோட்டத்தில் ஜின்ஃபண்டெல், பெட்டிட் சிரா, கரின்யான் ஆகியவற்றைக் கலந்து நட்டு ஒன்றாகச் செய்த ஒயின்களும், உதாரணமாக ரிட்ஜ் நிறுவனம் 1966 முதல் வெளியிட்டுவரும் கைசர்வில், நீண்ட நாள் நின்றிருக்கின்றன. ஆனால் இவை முதிய கொடிகளிலிருந்தும் குறைந்த விளைச்சலிலிருந்தும், வைத்திருப்பதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. லேபிளில் உள்ள வகைப்பாட்டை மட்டும் நம்பவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் மேசை ஒயின் என்ற பழைய பிரிவை நீக்கியபின், பிரான்சில் அதன் இடத்தில் வந்த வின் தெ ஃப்ரான்ஸ் பெயரின் கீழ் அன்றாடக் குடிப்புக்கான ஒயினும் இருக்கிறது, பகுதி விதிகளுக்குக் கட்டுப்பட விரும்பாத தேர்ந்த கைகள் செய்த ஒயினும் இருக்கிறது. முன்பு மேசை ஒயினில் அறுவடை ஆண்டைக் குறிப்பிட அனுமதி கிடையாது. இப்போது குறிப்பிடலாம் என்பது வைத்திருக்க நினைப்பவர்களுக்கு ஒரு வசதி.

வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்தவரை 12 முதல் 14 டிகிரி வரை, ஏற்ற இறக்கமின்றி இருப்பது சிறந்தது. தக்கை உலராமல் இருக்கப் பாட்டிலைக் கிடத்தி வையுங்கள். வெளிச்சம் படக் கூடாது. மற்றவை இரண்டாம் பட்சம். வெப்பநிலைதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. ஆண்டு முழுவதும் 25 டிகிரியைத் தாண்டும் அறைதான் உங்களிடம் இருக்கிறது என்றால், முதிர வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு ஓராண்டுக்குள் குடித்துவிடுவதே உத்தமம். வெப்பத்தில் துவர்ப்பு தணிவதைவிட வேகமாகப் பழம் வெந்துபோகும், தக்கை பிதுங்கும், தொழுவ வாடையும் கூடும்.

மீதியுள்ள பதினொன்றை நான் இப்படிச் செலவிடுவேன். ஒன்றை உடனே, மேலே சொன்ன இரண்டு நாள் சோதனைக்கு எடுத்துக்கொள்வேன். தேறினால் எட்டு மாதத்துக்கு ஒன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் நான்கே செய்திகளைக் குறித்துவைப்பேன்: கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் விளிம்பில் ஊதா இருக்கிறதா இல்லை செங்கல் நிறம் வந்துவிட்டதா, துவர்ப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது, நாக்கின் நடுவில் பழம் எப்படி இருக்கிறது, தொழுவ வாடை கூடியிருக்கிறதா. அடுத்தடுத்து இரண்டு பாட்டில்கள் முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்றால் ஒயின் தன் உச்சத்தில் நிற்கிறது என்று பொருள். அதன்பின் காத்திருக்காமல் எஞ்சியதை அந்த ஆண்டே குடித்து முடிப்பேன்.

இப்போது திறக்கும் இளம் பாட்டிலை அகன்ற குடுவையில் சற்று உயரத்திலிருந்து ஊற்றி, ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் விடுங்கள்; முட்டை வாடைக்கும் இறுகிய துவர்ப்புக்கும் அது நல்லது. இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் திறக்கும் பாட்டிலுக்கு இதைச் செய்யக் கூடாது. அதை முதல் நாளே நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்கவிட்டு, கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, கையை நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றுங்கள். கருமையான புகை போன்ற கோடு தோளைத் தாண்டிக் கழுத்துக்கு வரும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும். வடிகட்டாத ஒயினில் அந்த வண்டல் சற்று அதிகமாகவே இருக்கும். குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் இத்தனை நாள் காத்திருந்து தணியவைத்த துவர்ப்பும் கசப்பும் அந்தக் கடைசி வாயில் திரும்ப வந்துவிடும்.

தொழுவ வாடையைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வடிகட்டாத ஒயினில் அது பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபடும். அடுத்த பாட்டிலில் அது முதலாவதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், துவர்ப்பு தணியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முடிந்த அளவு குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, சில மாதங்களுக்குள் எல்லாவற்றையும் உணவோடு குடித்துவிடுங்கள்.